பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

செத்துப்போனவர்களுக்குச் சட்டை மாட்டிவிடுவதில் பெரம்பலூரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்குக் கல்யாணம் பாதிச் சோறு, கருமாதி மீதிச் சோறு. வீட்டில் ஒருவர் போய்ச் சேர்ந்ததும் சொந்தக்காரர்கள் ஏதாவது ஒரு கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இருபது பேர் நிற்கிற குரூப் போட்டோவில், மூன்றாவது வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் செத்தவரின் முகம் முக்கால்வாசி தெரியும். அதை வெட்டி எடுத்து, மூடியிருந்த கண்ணைத் திறந்து, தயாராக இருக்கும் உடம்பின் மேல் வைக்க வேண்டும். ஆணுக்கு வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பெண்ணுக்கு மெரூன் பட்டுச் சேலை. உயிரோடு இருந்தபோது கிழிந்த பனியனோடு மாடு ஓட்டியவர், செத்த பிறகு ஊராட்சித் தலைவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். வீட்டார் அதைப் பார்த்து அழுவார்கள், அப்படியே இருக்கிறார் என்பார்கள். அப்படியே இருக்க மாட்டார். எனக்குச் சிரிப்பாக வரும்.

கடையில் என்னோடு வேலை பார்த்த பெண் அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஒன்பது வருடம் அப்படி வந்தாள். கூட்டத்திலிருந்து முகத்தை வெட்டி எடுப்பது அவள் வேலை, உடம்போடு ஒட்டுவது என் வேலை. அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. சனிக்கிழமை ஆனால் அந்த வாரத்துப் போட்டோக்களை எல்லாம் இரண்டு சின்ன ஹார்ட் டிஸ்கில் ஏற்றுவாள். ஒன்று கடை பீரோவில் இருக்கும். இன்னொன்றைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவாள். கடை தீப்பிடித்தால் வீட்டில் ஒன்று இருக்குமாம். என் கடை தீப்பிடிக்கும் என்று ஒருத்தி வாரா வாரம் நினைத்துக்கொண்டிருப்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. போதாததற்கு, காப்பி ஆகி முடியும்வரை கம்ப்யூட்டர் ஆமையாக நகரும். டிபன் டப்பா பேக்கப் என்று அவள் காதில் விழும்படியே வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அவள் சிரிக்கவும் மாட்டாள், நிறுத்தவும் மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கிளவுடுக்குச் சந்தா கட்டினேன். கடையில் இருக்கிற போட்டோக்களின் நகல் எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். அதில் ஒரே ஒரு சிக்கல். அந்த மென்பொருள் தனக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கும், அதற்குள் இருப்பதைத்தான் மேலே ஏற்றும். எங்கள் கல்யாணங்களோ கம்ப்யூட்டருக்குள் அடங்காமல், வெளியே செருகிய பெரிய ஹார்ட் டிஸ்கில் கிடந்தன. இணையத்தில் தேடி ஒரு வழி கண்டுபிடித்தேன். அதற்குப் பெயர் சிம்பாலிக் லிங்க். ஒரே ஒரு வரிக் கட்டளை அடித்தால், கிளவுட் ஃபோல்டருக்குள் 'கல்யாணம்' என்று ஒரு ஃபோல்டர் முளைத்துவிடும். பார்ப்பதற்கு அச்சு அசல் ஃபோல்டர்தான், ஆனால் அதற்குள் எதுவும் கிடையாது. 'கடை எதிர்ப்புறம் மாற்றப்பட்டுள்ளது' என்று ஷட்டரில் ஒட்டிவிட்டுப் போகிற தாள் மாதிரி அது. மென்பொருள் அந்தத் தாளைப் படித்து, எதிர்ப்புறம் இருக்கிற ஹார்ட் டிஸ்குக்குப் போய், அங்கே இருப்பதை எல்லாம் இங்கேயே இருப்பதாக நம்பி ஏற்றிவிடும்.

மூன்று வாரம் ஏறிக்கொண்டே இருந்தது. ஏறி முடிந்த அன்று, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மற்ற ஸ்டுடியோக்காரர்களுக்கு நான் பாடமே எடுத்தேன். ஊரில் வேறு எவனுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்து அவளுக்கும் விளக்கினேன். அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த டிஸ்கக் கழட்டிட்டா மேல இருக்கறது என்னாகும் சார்?"

எனக்குத் தெரியாது என்பதுதான் சரியான பதில். "மேல இருக்கறது மேலதாம்மா இருக்கும். உன் சாப்பாட்டுப் பையில இருந்தாத்தான் ரசம் ஊத்தும்" என்றேன். கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அன்றைக்கே அவளுடைய இரண்டு டிஸ்கையும் வாங்கிச் சுத்தமாக அழித்து, ட்ரோன் வீடியோ போட எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஐந்து மணி பஸ்ஸையே பிடித்துவிட முடிந்தது அவளால்.

ஆயுத பூஜை எங்கள் தொழிலில் பெரிய நாள். கேமரா, லென்ஸ், லைட், ஸ்டாண்டு, லேமினேஷன் மிஷின் என்று எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்குவோம். பூஜை முடிந்தால் மறுநாள் காலைவரை எதையும் தொடக் கூடாது. அந்த வருடம், பெரிய ஹார்ட் டிஸ்கையும் கழற்றி வைக்கவா என்று அவள் தயங்கிக் கேட்டாள். எல்லாம் என்றால் எல்லாந்தான், அதற்குத் தனியாக வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா என்று கத்தினேன். கழற்றினாள். ஈரச் சந்தனத்தில் பொட்டு வைத்து, பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கம்ப்யூட்டரை மட்டும் தூக்க முடியாமல் மேஜையிலேயே விட்டுப் பொட்டு வைத்தோம். சூடம் காட்டி முடித்த கையோடு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஆர்டர் வந்தது. சாவுக்கு ஏது லீவு. பூஜை போட்ட மிஷினைத் தொட வேண்டாம், காலையில் வந்து முதல் வேலையாகப் பண்ணித் தருகிறேன் என்று அவள் சொன்னாள். நான் ஆன் செய்தேன்.

கம்ப்யூட்டர் எழுந்தது, கூடவே மென்பொருளும் எழுந்தது. அது தாளைப் படித்துவிட்டு எதிர்ப்புறம் போய்ப் பார்த்தது. அங்கே ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் நாங்களே அழித்துவிட்டோம் என்று முடிவு செய்து, கிளவுடிலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. நான் பேனரை முடித்துவிட்டுப் பொரி தின்றுகொண்டிருந்தபோது என் போனுக்கு ஒரு ஈமெயில் வந்தது. உங்கள் ஃபோல்டரிலிருந்து ஏராளமான ஃபைல்கள் நீக்கப்பட்டிருக்கின்றன, முப்பது நாளுக்குள் மீட்டுக்கொள்ளலாம் என்று இங்கிலீஷில் இருந்தது. பாதி படித்தேன். இன்னும் பெரிய சந்தாவை என் தலையில் கட்டத்தான் பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்து விரலால் தள்ளிவிட்டேன்.

மறுநாள் டிஸ்கை வேறொரு ஓட்டையில் செருகினேன். கம்ப்யூட்டர் அதற்கு வேறு எழுத்து கொடுத்தது. முந்தின நாள்வரை அது 'ஈ' டிரைவ், அன்றிலிருந்து 'எஃப்' டிரைவ். தாளில் எழுதியிருந்தது பழைய விலாசம். நாங்கள் டிஸ்கை நேராகத் திறந்தே வேலை பார்த்ததால் வித்தியாசம் தெரியவில்லை. முப்பது நாளும் போயிற்று. மார்கழியில் அந்த டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் செத்தது. அவள் பதறினாள். திருச்சியில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன, கொண்டுபோய்க் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். எல்லாம் மேலே இருக்கும்போது எதற்கு அலைய வேண்டும் என்று, உடைந்த லைட் ஸ்டாண்டுகளோடு சேர்த்து அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டேன். மேலே போய் ஒருமுறை எட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மாசியில் அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். மக்காச்சோளம் போடுகிறவர். மனைவி இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது, பிள்ளை கிடையாது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்றார். கையில் ஆதார் அட்டை வைத்திருந்தார். இது போதும், இதிலிருந்தே பெரிதாக்கித் தருகிறேன் என்று நான் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இது அடையாளத்துக்கு எடுத்ததுங்க தம்பி. இது அவ இல்ல."

பிறகு விவரமாகச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய தம்பி மகள் கல்யாணம் அரியலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது, போட்டோ எடுத்தது நான். அவர் மனைவிக்கு முன்பல் எடுப்பாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். அதனால் சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். புருஷனுக்கு முன்னால்கூட அப்படித்தான். சொந்தக்காரர் வீடுகளில் இருக்கிற எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் பாதி முகம், பாதி முந்தானை. அந்தக் கல்யாணப் பந்தியில் இரண்டு கையிலும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது யாரோ ஏதோ கேலி சொல்ல, பொத்துவதற்குக் கை இல்லாமல் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். நான் அதை எடுத்தேன். எடுத்ததைக் கேமராவின் பின்பக்கத்தில் இவருக்குக் காட்டினேன். அந்த அம்மா பார்க்க மாட்டேன் என்று உள்ளே போய்விட்டார்.

"முப்பத்தாறு வருசத்துல அவ வாயத் தொறந்து சிரிச்சு நான் பாத்தது அந்த ஒரு தடவதாங்க. அந்தப் படந்தான் வேணும். வேற எதுவும் வேணாங்க."

எனக்கு அந்தப் படம் நினைவு வந்தது. ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும்போது அதை ஒதுக்கினேன். ஒதுக்குவதற்கு முன் என் கடைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டி, மண்டபத்தில் தேங்காய்த் துருவி தேவைப்பட்டிருக்காது என்று சொன்னேன். அவள் முகம் கொடுத்துப் பேசாமல் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள், திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இதையா அவரிடம் சொல்ல முடியும். எதுவும் எங்கேயும் போகாது, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி, ஆதாரையும் எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டு, நான்கு நாள் கழித்து வரச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

அவர் படியிறங்கியதும் கிளவுட் ஃபோல்டரைத் திறந்தேன். 'கல்யாணம்' அங்கேயே இருந்தது. அழுத்தினேன். அந்த இடம் இல்லை என்றது கம்ப்யூட்டர். கம்பெனியின் வலைத்தளத்துக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே ஒரு கல்யாணமும் இல்லை. குப்பைத்தொட்டியும் காலி. ஈமெயிலில் தேடினேன். ஆயுத பூஜை அன்று வந்தது அப்படியே இருந்தது. இந்த முறை முழுதாகப் படித்தேன். படித்து முடித்துத் திரும்பினால், அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று அதையே படித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கப் பார்க்க அந்த ஈமெயிலை அழித்தேன்.

"அவருகிட்ட சொல்லிடலாம் சார்" என்றாள்.

உன் வேலையைப் பார் என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அந்த மனிதரை நினைத்து அல்ல. டீக்கடையில் பாடம் கேட்டவர்களின் முகங்கள்தான் எனக்கு முன்னால் வந்து வந்து போயின. அவருடைய தம்பிக்குப் போன் போட்டு, கல்யாண வீடியோவை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். பந்தியில் அந்த அம்மா இரண்டு விநாடி வருகிறார், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. முகத்தைச் சிரிக்க வைக்கிற செயலிகள் இப்போது எத்தனையோ இருக்கின்றன. ஆதார் படத்தை ஸ்கேன் செய்து, செயலியில் போட்டு, சிரிக்கச் சொன்னேன். சிரித்தார். பல் வரிசையாக, பற்பசை விளம்பரத்தில் வருவது போல இருந்தது. கழுத்துக்குக் கீழே மெரூன் பட்டுச் சேலையைப் பொருத்தினேன். நானே அசந்துபோகிற அளவுக்கு நன்றாக வந்தது. எந்தக் கிழவனும் கண்டுபிடிக்க மாட்டான் என்று அவளிடம் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான்காம் நாள் கடை திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றிருந்தார். திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். கிடைத்துவிட்டது, கொஞ்சம் மெருகேற்றியிருக்கிறேன் என்றேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் லேமினேஷன் மிஷின் சூடாகிக்கொண்டிருந்தது. அவள் அதற்குப் பக்கத்தில் நின்றாள்.

"பல்ல மாத்திட்டீங்களா தம்பி?"

"சரி பண்ணிருக்கேங்க. எல்லாருக்கும் பண்றதுதான்."

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா பழையபடியே வச்சுக் குடுத்துடுங்க."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைவிட லேசான சந்தர்ப்பம் ஒருவனுக்குக் கிடைக்காது. நான் இரண்டு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, மவுஸைப் பிடித்துப் பல்லைக் கோணலாக்க ஆரம்பித்தேன். அசிங்கமாக்கச் சொன்னால் செயலிக்குத் தெரியாது, கையால்தான் இழுக்க வேண்டும். எந்தப் பல் என்று தெரியவில்லை. பேச்சுவாக்கில் கேட்பது போல, எந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று அவரையே கேட்டேன். அவர் வாயைத் திறந்து, தன் பல்லின் மேலேயே விரலை வைத்துக் காட்டினார். இது வெளியே வரும், இதன் மேல் இது ஏறி நிற்கும் என்றார். இழுத்தேன். இன்னும் கொஞ்சம் முன்னால் என்றார். இழுத்தேன். அவருக்கு உற்சாகமாகிவிட்டது. நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்து, சிரிக்கும்போது கீழுதடு இப்படி மடங்கும் என்று மடக்கிக் காட்டினார். பொண்டாட்டியைப் பல் பல்லாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர், நான் வரைந்துகொண்டிருந்தேன்.

ஈறு தெரியுமா என்று கேட்டேன். அங்கேதான் அவர் விரல் நின்றது.

"போட்டோல இருக்குமேங்க. அதப் பாத்துப் பண்ணலாமே?"

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் போட்டோ ஒங்ககிட்ட இல்லீங்களா தம்பி?"

அவள் பக்கம் கையைக் காட்டினேன். "இந்தப் பொண்ணு டிஸ்கக் கழட்டிடுச்சுங்க. அதுல போயிடுச்சு."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. கழற்றியது அவள்தான், போனதும் அதனால்தான். கழற்றச் சொன்னவன், ஆன் செய்தவன், ஈமெயிலைத் தள்ளிவிட்டவன், டிஸ்கைப் பழைய இரும்போடு போட்டவன், இவர்களில் யாரையும் அந்த இரண்டு வாக்கியத்துக்குள் நான் சேர்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் போட்டு உடைப்பாள் என்று எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். திட்டி அனுப்பிவிடலாம் என்றுகூட மனதுக்குள் தயாராகிவிட்டேன்.

"ஆமாங்க. நாந்தான் கழட்டுனேன்" என்றாள். கண்ணில் நீர் கட்டியது, துடைக்கவில்லை.

அவர் எழுந்து அவளிடம் போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இப்போது சொல்கிறேன், அடிக்கட்டும் என்றுகூட அந்த ஒரு நொடி நினைத்தேன். அவர் அவள் முன்னால் நின்று, "நீ என்ன கண்ணு பண்ணுவ, நீ அழுவாத" என்றார். பிறகு என் மேஜையில் இருந்த ஆதாரை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரையில் பாதி கோணலாகிக் கிடந்த வாயை ஒரு தடவை பார்த்தார். அதை அழித்துவிடச் சொன்னார். அழித்தேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி என்னைக் கேட்டார்.

"அவ சிரிச்ச அந்தப் படத்த நான் பாத்தேன், நீங்க பாத்தீங்க. வேற யாரும் பாக்கலீங்க. ஒங்களுக்காவது அந்த மொகம் நெனவிருக்கா?"

இருக்குங்க என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அவள் அந்த வாரம் சனிக்கிழமைவரை வந்தாள், திங்கட்கிழமை வரவில்லை. நான் போன் செய்யவில்லை. அரியலூரில் வேறொரு ஸ்டுடியோவில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அரும்பாவூரில் பதினாறாம் நாளுக்கு என்ன படம் வைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொள்கிற துணிச்சல் எனக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை.

அந்த முகத்தை நினைத்துப் பார்க்க எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். பந்தி வருகிறது, வாளி வருகிறது, வாளியைப் பிடித்த இரண்டு கை வருகிறது. பிறகு நான் வேண்டாம் என்று ஒதுக்கிய பல் வருகிறது. அதற்குமேல் எதுவும் வருவதில்லை.